கோயில் ஓட்டிய பஸ்

திருமலைக் கோயிலின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் கொடுத்தவர்களைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். வெள்ளித் திருமேனி அளித்த பல்லவ குலத்து அரசி சாமவை, 1513 முதல் 1521 வரை ஏழு முறை வந்து நகைகளைக் குவித்த கிருஷ்ணதேவராயர், இன்றைய உண்டியல் கணக்கு என்று அந்த வரலாறு காணிக்கையின் வரலாறாகவே நீள்கிறது. வந்தவர்கள் எப்படி வந்தார்கள் என்ற கேள்விக்கு அதில் இடம் குறைவு. ஆனால், கடல் மட்டத்துக்கு மேல் 850 மீட்டர் உயரத்தில் காட்டுக்கு நடுவே இருக்கும் கோயிலை யாருடைய கோயில் என்று தீர்மானிப்பது அதன் வழிதான். ஏற முடிந்தவர்களுக்கு அது கோயில்; ஏற முடியாதவர்களுக்கு அடிவாரத்திலிருந்து கும்பிடும் மலை. அந்தப் பிரிவினைக் கோட்டை அழித்தது 1944இல் திறந்த மலைப்பாதையும், அதில் கோயில் நிர்வாகமான தேவஸ்தானமே ஓட்டிய பஸ்ஸும். மன்னர்களின் கொடைகளுக்குச் சமமான இடத்தை வரலாற்றில் இவற்றுக்குக் கொடுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால், இன்று மலையடிவாரத்து அலிபிரி சோதனைச்சாவடியில் வரிசைகட்டி நிற்கும் கார்களைப் பற்றியும் நாம் வேறு விதமாக யோசிக்க வேண்டியிருக்கும்.

மலைக்கு இரண்டு பழைய நடைவழிகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. அலிபிரியில் தொடங்கும் வழி சுமார் 9 கிலோமீட்டர் நீளம், 3,550 படிகள். மற்றொன்று சீனிவாச மங்காபுரத்தை அடுத்த ஸ்ரீவாரி மெட்டு. 2,388 படிகள்தான், தூரமும் இரண்டு கிலோமீட்டரை ஒட்டி. தூரம் குறைந்த வழியிருக்க, நீண்ட வழியில் ஏன் கூட்டம் அதிகம்? பக்தியை வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. எந்த ஊரில் வந்து இறங்குகிறோம் என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். ஸ்ரீவாரி மெட்டின் அடிவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது சந்திரகிரி. 1565 தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு விஜயநகர அரசு பெனுகொண்டாவுக்கும், அங்கிருந்து சந்திரகிரிக்கும் நகர்ந்தது. சந்திரகிரி கொஞ்ச காலம் ஒரு பேரரசின் தலைநகராகவே இருந்தது. தலைநகருக்கு வருபவர்களுக்கும் அரண்மனைக்காரர்களுக்கும் கைக்கெட்டிய வழி ஸ்ரீவாரி மெட்டு; அரசர்கள் மலையேறிய வழி என்று இன்றும் சொல்லப்படுவது அதுதான். தலைநகர் வேலூருக்குப் போனது, பிறகு அரசே இல்லாமல் போனது. சந்திரகிரி ராஜமஹால் இப்போது தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். அதற்கு வெகு காலம் பின்னர் ரயில் வந்து நின்றது திருப்பதியில். அங்கே இறங்கியவர்களுக்குப் பக்கம் அலிபிரி. மலையில் ஏறும் கூட்டம் எந்தப் பக்கமாக ஏறும் என்பதை ஒவ்வொரு காலத்திலும் அன்றைய போக்குவரத்தே முடிவு செய்திருக்கிறது.

பஸ் வருவதற்கு முன் மலையேற்றம் எல்லோருக்கும் சமமாக இருந்தது என்று ஒரு நினைப்பு நம்மிடம் உண்டு. ராஜாவும் நடந்தார், கூலிக்காரனும் நடந்தான் என்று பெருமையாகச் சொல்கிறோம். அது பாதி உண்மைகூட இல்லை. வசதியுள்ளவர்கள் டோலியில் போனார்கள். நான்கு பேர் தோளில் சுமக்க, உள்ளே உட்கார்ந்தபடி மலையேறியவர்கள் காலம்காலமாக இருந்திருக்கிறார்கள். காசில்லாதவர்களுக்கு முழங்காலே துணை. அலிபிரி வழியில் செங்குத்தாக நிமிரும் ஒரு பகுதிக்கு முழங்கால் முறிச்சான் என்று வைணவர்கள் பெயரிட்டிருக்கிறார்கள். புனிதமான மலையில் கால் வைக்கக் கூடாதென்று ராமானுஜர் முழங்காலாலேயே ஏறினார் என்பது அந்த இடத்தோடு சேர்ந்த ஐதீகம். ராமானுஜருக்கு அது பக்தி. எழுபது வயதுக் கிழவிக்கும், கைக்குழந்தைக்காரிக்கும், கால் ஊனமானவருக்கும் அது மூடிய கதவு. அவர்களில் டோலிக்குக் காசில்லாதவர்கள் கீழே கோவிந்தராஜர் சந்நிதியிலும் திருச்சானூரில் தாயாரிடமும் கும்பிட்டுவிட்டு, மேலே போகிறவர்களின் கையில் காணிக்கையைக் கொடுத்தனுப்பத்தான் முடிந்திருக்கும்.

இந்தக் கதவைத் திறந்தது ரயில்தான், பஸ் இல்லை என்று ஒருவர் வாதிடலாம். அந்த வாதத்தில் கனம் இருக்கிறது. மெட்ராஸ் ரயில்வே 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை வண்டி விட்டது. 1862இல் அதன் வடமேற்குக் கிளை ரேணிகுண்டாவைத் தொட்டது. மாட்டுவண்டியில் பல நாள் பிடித்த பயணம் ஒரு நாளுக்குள் அடங்கியது. 1891இல் தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் கேஜ் பாதை காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா, திருப்பதி வழியாகக் கூடூர் வரை முடிந்ததும் திருப்பதி ஊருக்குள்ளேயே ரயில் வந்தது. தமிழ்நாட்டுப் பக்கத்துக்கு இந்தப் பாதைதான் முக்கியம். விழுப்புரம், திருவண்ணாமலை, வேலூர் வட்டாரத்து மக்கள் மஞ்சள் துணியில் முடிந்துவைத்த காசோடு புரட்டாசி மாதத்தில் திருப்பதிக்குப் போய் வரும் பழக்கம் பெருகியதற்கு இந்தச் சின்ன ரயில் பெரிய காரணம்.   ஆனால், ரயில் செய்தது தூரத்தைக் குறைத்ததோடு நின்றது; உயரத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ரயில் கொண்டுவந்து குவித்த கூட்டம் அடிவாரத்தில் பழையபடி இரண்டாகப் பிரிந்தது, ஏறக்கூடியவர்கள் என்றும் ஏற முடியாதவர்கள் என்றும். சொல்லப்போனால் ரயில் அந்தப் பிரிவைக் கூர்மையாக்கியது. முன்பு நடக்க முடியாதவர்கள் ஊரை விட்டே கிளம்பியிருக்க மாட்டார்கள். ரயில் வந்தபின் அவர்களும் அடிவாரம் வரை வந்து சேர்ந்தார்கள்.

அடுத்த அரை நூற்றாண்டுக்கு இந்த நிலை மாறாததற்குக் கோயில் நிர்வாகத்தின் அமைப்பையும் பார்க்க வேண்டும். 1801இல் இந்தப் பகுதியைக் கையில் எடுத்த கிழக்கிந்தியக் கம்பெனி கோயில் வருமானத்தையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டது. 1843இல் நிர்வாகத்தை ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளிடம் ஒப்படைத்தது. மகந்துகள் தொண்ணூறு ஆண்டுகள் கோயிலை நடத்தினார்கள். அவர்கள் காலத்தில் பூஜையும் உற்சவமும் நின்றுவிடவில்லை. ஆனால் மலையைக் குடைந்து சாலை போடுவது ஒரு மடத்தின் வேலையாக யாருக்கும் தோன்றியிருக்காது. சென்னை மாகாணச் சட்டசபை இயற்றிய திருமலை திருப்பதி தேவஸ்தானச் சட்டம் 1933இல் நடைமுறைக்கு வந்து, பொறுப்பு ஒரு குழுவிடமும் ஆணையரிடமும் போனபிறகுதான் பொதுப்பணித் துறையைப் போல யோசிக்கும் ஒரு நிர்வாகம் கோயிலுக்கு வாய்த்தது. சாலை அந்த நிர்வாகத்தின் பிள்ளை. 1944 ஏப்ரல் 10ஆம் தேதி சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் மலைப்பாதையைத் திறந்துவைத்தார். 19 கிலோமீட்டர் நீளம், 36 கொண்டை ஊசி வளைவுகள்.

திறந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. பெட்ரோலுக்குப் பங்கீடு. மாகாணத்தின் பல ஊர்களில் பின்பக்கம் உலையை மாட்டிக்கொண்டு கரிவாயுவில் பஸ் ஓடிய காலம். பஸ் தொழில் பெரும்பாலும் தனியார் முதலாளிகளின் கையில் இருந்தது. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அவர்களுக்குப் பெர்மிட் முறையைக் கொண்டுவந்திருந்தாலும், லாபம் வரும் தடத்தைப் பிடிக்க நடந்த போட்டி ஓயவில்லை. சென்னை நகரத்திலேயே அரசு பஸ் ஓட்டத் தொடங்கியது 1947இல்தான். அப்படிப்பட்ட காலத்தில், வருடம் முழுக்கக் கூட்டம் குறையாத, இந்தியாவிலேயே நிச்சயமான வருமானமுள்ள தடங்களில் ஒன்றைக் கோயில் வெளியாரிடம் விடாமல் தன்னிடமே வைத்துக்கொண்டது. திருப்பதியிலிருந்து திருமலைக்குத் தேவஸ்தானத்தின் சொந்த பஸ்கள் ஓடின. நடத்துநரும் ஓட்டுநரும் கோயில் ஊழியர்கள். ஒரு கோயில் மடப்பள்ளியும் சத்திரமும் பள்ளிக்கூடமும் நடத்துவது நம் ஊரில் புதிதல்ல. பஸ் டிப்போ நடத்துவது புதிது. ஒப்பிடத்தக்க அளவில் அதற்கு முன்மாதிரி தேடினால் ஐதராபாத்தில் நிஜாம் அரசின் ரயில்வே 1932இல் 27 பஸ்களோடு ஆரம்பித்த சாலைப் போக்குவரத்தைத்தான் சொல்ல வேண்டும். அதுவும் ஓர் அரசின் வேலை, கோயிலின் வேலை இல்லை.

அந்த முடிவின் பலன் பஸ்ஸுக்குள்ளேயே தெரிந்தது, இப்போதும் தெரிகிறது. மலை பஸ் கிளம்பும்போது யாரோ ஒருவர் ‘ஏடுகொண்டலவாடா’ என்று குரல் கொடுக்க, வண்டி முழுக்க ‘கோவிந்தா’ எழும்பும். வளைவில் தலைசுற்றுபவர்கள் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொள்வார்கள். இறங்கும் பஸ்ஸில் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகளும் மடியில் லட்டுப் பைகளும். கடப்பைக்காரரும் காஞ்சிபுரத்துக்காரரும் கோலாரிலிருந்து வந்தவரும் ஒரே சீட்டில் நெருக்கி உட்காருகிறார்கள்.  கோயிலுக்குள் பலவகைத் தரிசனச் சீட்டுகள், பரிந்துரைக் கடிதங்கள், தனி வரிசைகள் என்று தரம் பிரிந்துபோன ஒரு யாத்திரையில், வித்தியாசம் பார்க்காத ஒரு மணி நேரம் உண்டென்றால் அது அந்த பஸ்ஸில்தான். டோலி இந்தச் சமத்துவத்தைத் தந்திருக்க முடியாது. நடைவழியும் தரவில்லை, நடக்க முடியாதவரை அது கணக்கிலேயே எடுக்கவில்லையே.

1974இல் இரண்டாவது மலைப்பாதை வந்தது. ஏறுவதற்குப் புதிய பாதை, இறங்குவதற்குப் பழைய பாதை என்று இரண்டும் ஒருவழியாயின. எதிரே வண்டி வரும் பயமின்றி பஸ் அடுத்தடுத்து விட முடிந்ததால் சேவை பெருகியது. அடுத்த ஆண்டு, 1975இல், மலை பஸ்கள் ஆந்திர அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கைக்குப் போயின. கோயில் தன் தொழிலிலிருந்து விலகியதே என்று இதைப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1944இல் கோயில் பஸ் ஓட்டியதன் காரணம், அதைச் செய்யத்தக்க பொது நிறுவனம் ஒன்று இந்தப் பக்கத்தில் இல்லாததுதான். 1958இல் உருவான கழகம் 1975இல் அந்தத் தகுதியோடு நின்றபோது பொறுப்பு ஒரு பொதுக் கையிலிருந்து இன்னொரு பொதுக் கைக்கு மாறியது. நடுவில் தனியார் முதலாளி வரவில்லை என்பதுதான் இதில் முக்கியம். வெளியூர்ச் சுற்றுலா பஸ்களில் வருபவர்கள் கீழே இறங்கி, கழகத்தின் சப்தகிரி பஸ்ஸில் மாறி ஏறும் முறை அதன் தொடர்ச்சி. 2022 செப்டம்பரில் மின்சார பஸ்கள் மலையேறத் தொடங்கின. புகையும் இரைச்சலும் குறைந்த அந்த வண்டிகள் 1944இன் முடிவுக்குக் கிடைத்த நல்ல வாரிசு. மலைக்கு மேலே கோயில், தங்குமிடங்கள், முடிகாணிக்கை மண்டபம் இவற்றுக்கிடையே சுற்றும் இலவச பஸ்ஸைத் தேவஸ்தானம் தானே நடத்துவதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி எதிர்வாதங்கள். பஸ் வந்து நடையின் மகிமையைக் கெடுத்துவிட்டது என்பது வைதிகர்கள் நெடுநாளாகச் சொல்வது. அலிபிரிப் படிகளைப் பார்த்தால் அந்தக் கவலைக்கு ஆதாரமில்லை. படி நெடுகிலும் கூரை, குடிநீர், மூட்டை முடிச்சுகளைக் கீழே ஒப்படைத்து மேலே வாங்கிக்கொள்ளும் இலவச வசதி எல்லாம் பஸ் வந்தபிறகு வந்தவை. 2023 ஆகஸ்டில் நடைவழியில் ஒரு குழந்தையைச் சிறுத்தை கொன்றபோது, வழியை மூடிவிடலாம் என்று யாரும் விட்டுவிடவில்லை. குழந்தைகளோடு பிற்பகலுக்கு மேல் ஏறக் கட்டுப்பாடு வைத்தார்கள், நடப்பவர்கள் கையில் தடி கொடுத்தார்கள். சென்னையிலிருந்து ஆண்டுதோறும் பிரம்மோற்சவத்துக்குப் புறப்படும் திருக்குடைகள் ரயில் வந்து ஒன்றரை நூற்றாண்டு ஆனபின்னும் ஊர்வலமாகத்தான் போகின்றன. பஸ்ஸில் போகலாம் என்ற நிலையிலும் ஒருவர் படியேறினால் அந்த ஏற்றத்தில் வேண்டுதல் இருக்கிறது. வேறு வழியே இல்லாமல் ஏறியவரிடம் இருந்தது கட்டாயம். பஸ் நடையை அழிக்கவில்லை. நடையை நேர்த்திக்கடனாக உயர்த்தியது.

இரண்டாவது எதிர்வாதம் வலுவானது. பஸ் எல்லோரையும் மேலே கொண்டுபோனது. அதனால்தான் நாளொன்றுக்கு 60,000, 70,000 பேர் என்று மலை தாங்காத கூட்டம் சேர்ந்தது, சேஷாசலக் காடு நெருக்கடிக்கு உள்ளானது என்கிறார்கள். இந்தக் காடு சாதாரணக் காடல்ல. செம்மரம் இயற்கையாக வளரும் உலகின் மிகச் சிறிய பரப்புக்குள் இது அடங்குகிறது. 1989இல் தேசியப் பூங்கா ஆனது, 2010இல் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. கூட்டத்தில் பஸ்ஸுக்குப் பங்கில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கூட்டம் வேறு, வண்டிகளின் கூட்டம் வேறு. ஐம்பது பேரை ஒரு பஸ் கொண்டுபோகும். அதே ஐம்பது பேர் காரில் போனால் பத்துப் பன்னிரண்டு வண்டி. மேலே நிறுத்த இடம் வேண்டும், இடத்துக்காக மரம் வெட்ட வேண்டும், மலையை இன்னும் செதுக்க வேண்டும். 2021 டிசம்பர் முதல் தேதி, தொடர்மழைக்குப் பின் ஏறும் பாதையில் பாறைகள் சரிந்து சாலையை உடைத்தன. சில நாள் வண்டிகளெல்லாம் பழைய பாதையிலேயே ஏறி இறங்க நேர்ந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்பு வெள்ளத்தில் சிதைந்த ஸ்ரீவாரி மெட்டு மீண்டும் திறக்க 2022 மே மாதம் ஆனது. இந்த மலை எவ்வளவு தாங்கும் என்பதற்கு அந்த மழைக்காலம் ஒரு கணக்குக் கொடுத்துவிட்டது. மலைப்பாதையில் வேகமாகப் போகக்கூடாதென்று ஏற 28 நிமிடத்துக்குக் குறையாமலும் இறங்க 40 நிமிடத்துக்குக் குறையாமலும் எடுக்க வேண்டுமென்ற விதி இருக்கிறது. இரண்டு முனையிலும் நேரம் குறித்துப் பிடிக்கிறார்கள். வேகத்துக்கு இவ்வளவு கறாரான நிர்வாகம் எண்ணிக்கைக்கு ஏன் இவ்வளவு தாராளமாக இருக்க வேண்டும்?

வேறு ஊர்கள் என்ன செய்தன என்று பார்ப்பதில் பயன் உண்டு. பழனியில் 1966இலேயே விஞ்ச் வந்தது, 2004இல் ரோப் கார் வந்தது. இரண்டையும் நடத்துவது கோயில். முதியவர்களும் முடியாதவர்களும் கட்டணம் கட்டி மேலே போகிறார்கள், மற்றவர்கள் படியேறுகிறார்கள், மலைமேல் கார் என்ற பேச்சே இல்லை. சபரிமலையில் 2018 வெள்ளம் பம்பையை வாரிக்கொண்டு போனபிறகு, வெளி வண்டிகளை நிலக்கல்லில் நிறுத்தி, அங்கிருந்து கேரள அரசு பஸ்களில் கொண்டுபோகும் ஏற்பாடு வந்தது. திருமலைக்கும் ரோப் கார், இலகு ரயில் என்று யோசனைகள் எழுந்து அடங்கியிருக்கின்றன. ஆகமக் காரணம் சொன்னவர்களும் இருந்தார்கள், மலையின் பாறை அமைப்பைச் சுட்டியவர்களும் இருந்தார்கள். எனக்கு அவற்றில் ஆர்வமில்லை. எண்பது ஆண்டு அனுபவமுள்ள ஒரு முறை கையில் இருக்கும்போது புதிய யந்திரத்தைத் தேடுவானேன்?

மூன்றாவதாக ஒரு குறை, திருப்பதி நகரத்துக்காரர்களுடையது. அதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. ரயில் நிலையத்துக்கு எதிரே விஷ்ணு நிவாசம், பஸ் நிலையத்துக்கு எதிரே சீனிவாசம் என்று ஊரின் இரண்டு வாசலிலும் யாத்திரிகர் விடுதிகள்; பஸ்கள் மலையை நோக்கியும், காளஹஸ்தி, காணிப்பாக்கம், திருச்சானூர் நோக்கியும் ஓடுகின்றன. பல்கலைக்கழகத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போகிற உள்ளூர்க்காரருக்குப் பெரும்பாலும் ஷேர் ஆட்டோதான் கதி. 2022 ஏப்ரலில் சித்தூரிலிருந்து பிரிந்து திருப்பதி தனி மாவட்டத்தின் தலைமையிடமானபின் இந்தக் குறை இன்னும் உறைக்கிறது. வந்துபோகிறவர்களுக்காகவே வளர்ந்த போக்குவரத்து அங்கே வாழ்கிறவர்களை மறந்தது உண்மை. ஆனால் அதைச் சரிசெய்யும் வழி மலை பஸ்ஸைக் குறைப்பதாக இருக்க முடியாது. ஊருக்குள் ஓடும் பஸ்ஸைக் கூட்டுவதுதான்.

கார் வைத்திருப்பவர் காரில் போவது அவரவர் உரிமை என்பார்கள். சமவெளியில் அது சரி. காட்டுக்கு நடுவே, கோயில் காணிக்கைப் பணத்தில் போட்ட, இன்னொன்றைச் சுலபமாக வெட்ட முடியாத ஒரு சாலையில் அந்த உரிமைக்கு எல்லை உண்டு என்பதைத் தேவஸ்தானமே ஒவ்வோர் ஆண்டும் ஒப்புக்கொள்கிறது. பிரம்மோற்சவத்தின் கருடசேவை நாளில் மலைப்பாதையில் இருசக்கர வண்டிகளுக்குத் தடை விதிக்கிறார்கள். வெளியூர் வண்டிகளைக் கீழே நிறுத்த இடம் ஒதுக்குகிறார்கள். போக்குவரத்துக் கழகம் அன்று ஆயிரக்கணக்கான நடை பஸ் விடுகிறது. வருடத்தின் மிகப் பெரிய கூட்டத்தை அன்று சமாளிப்பது பஸ்தான். அந்த ஒரு நாளின் ஏற்பாட்டைக் கார்களுக்கும் சேர்த்து முதலில் புரட்டாசிச் சனிக்கிழமைகளுக்கும், பிறகு கோடை விடுமுறைக்கும் நீட்டலாம். முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் விலக்கு கொடுத்து, மற்ற கார்களை அலிபிரியிலேயே நிறுத்தலாம். அதற்குத் தேவையான பஸ்ஸும் சாலையும் பஸ் நிலையமும் ஏற்கனவே அங்கே இருக்கின்றன.